கடை மூடும் மெட்டு

அக்டோபர் 12, ஞாயிறு

சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினோம். ஹிமேஜியில், நான் வேலை பார்த்த அதே எட்டு மாடிக் கடையில். நான் தள மேலாளராக நின்ற மூன்றாம் மாடியில் இப்போது காதைப் பிளக்கும் பாட்டு. ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. விற்ற பையன் ரசீதை ஒற்றைக் கையால் நீட்டினான். நான் எங்கள் காலத்து வழக்கப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கப்பல் பயணம் மிசாவோவின் யோசனை. கோபேயில் ஏறி, தெற்குத் தீவுகள், தைவான், திரும்பவும் கோபே. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு மனைவியிடம் ஏன் என்று கேட்க நேரம் நிறைய இருக்கிறது, பழக்கம்தான் இல்லை.

அக்டோபர் 15, புதன்

சாப்பிடும்போது மிசாவோ சொன்னாள்: "கப்பல்லேருந்து திரும்பினதும் நான் ஒனோமிச்சில அக்கா வீட்டு மாடியில தனியா இருக்கலாம்னு பாக்கறேன். இன்னும் முடிவு பண்ணல. பயணம் முடியறப்ப சொல்றேன்."

"நமக்குள்ள சண்டை ஏதாவது…" என்றேன்.

"பேச்சே இல்ல. சண்டை எங்கேருந்து வரும்?"

பிறகு எழுந்துபோய் சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். குடித்தேன். உப்பு, புளிப்பு எல்லாம் எப்போதும்போல இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

ஷிரானாமி மாரு. பெரிய கப்பல்தான். மேல்தளத்தில் ஆளுக்கொரு வண்ணக் காகிதச் சுருள் கொடுத்தார்கள். நுனியைப் பிடித்துக்கொண்டு கரையில் இருப்பவர்களை நோக்கி வீச வேண்டும். எங்களுக்குக் கையசைக்க யாரும் வந்திருக்கவில்லை. மிசாவோ யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்து வீசினாள். நான் என்னுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கப்பலில் க்ரூஸ் டைரக்டர் என்று ஒருத்தி இருக்கிறாள். பயணிகளைச் சந்தோஷமாக வைத்திருப்பதே அவள் வேலையாம். காலை அறிவிப்பு, ஆட்டம் பாட்டம், போட்டி, விருந்து எல்லாம் அவள் பொறுப்பு. பெயர் ஹயாசே நகிசா. முகமும் பேச்சும் நம்முடையதுதான். ஆனால் வளர்ந்தது கனடாவில், வேலை பார்த்தது முழுக்க அமெரிக்கக் கப்பல்களில். இந்தக் கப்பலுக்குப் புதிது. மேடை ஏறியதும் மைக்கில் கத்தினாள்: "எல்லாரும் ஜாலியா இருக்கீங்களா? கேக்கல! இன்னும் சத்தமா!"

கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் தத்சுமி என்று ஒரு பல் மருத்துவர். ஓய்வு பெற்றவர், இதே கப்பலில் பலமுறை வந்தவர். "இது டைரக்டரா, பள்ளிக்கூட பி.டி. மாஸ்டரா?" என்றார். "முன்னாடி ஓந்தான்னு ஒருத்தர் இருந்தார். கத்தவே மாட்டார். மெதுவா பக்கத்துல வந்து, 'தத்சுமி-சான், யார் பல்லையும் புடுங்காம எப்படிப் பொழுது போகுது?'ன்னு கேப்பார். குடுத்த காசு அதுக்கே சரியாப் போயிடும்."

எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல், சோறு, படுக்கை. இந்த மூன்றுக்குத்தான் காசு. மைக் யார் கையில் இருந்தால் என்ன?

அக்டோபர் 17, வெள்ளி

நாள் முழுக்கக் கடல். காலை அறிவிப்பு ஒலிபெருக்கியில் அலறியது. மிசாவோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மூச்சு எங்க விடணும்னே தெரியல இந்தப் பொண்ணுக்கு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன் எங்கள் கடையில் அறிவிப்பு அறையில் இருந்தவள்.

தொப்பிப் போட்டிக்கு நாலு பேர். நடன வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி வழி தவறி வந்தவள். மாலை கப்பலின் வெந்நீர்க் குளத்தில் ஆண்கள் எல்லோரும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து குறை சொன்னார்கள். சோறு விறைப்பாம். படுக்கை மெத்தென்று இல்லையாம். கடல் கூடச் சரியில்லையாம், ஆடுகிறதாம்.

சோறு நன்றாகத்தான் இருந்தது. இது எனக்குத் தெரிந்த நோய். தளத்தில் நிற்கும் பெண்ணின் முகம் வாடியிருந்தால் வாடிக்கையாளர் அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். துணியின் நிறம் மட்டம் என்பார். அப்படியானால் நேற்று நான் எழுதியது? — நேற்று எழுதியதை அடிக்கப் போவதில்லை.

அக்டோபர் 18, சனி

ககோஷிமா. எரிமலைச் சாம்பல் காற்றோடு வந்து குடையில் விழுந்தது. மிசாவோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினாள். எனக்குப் பாதி கொடுத்தாள். நாங்கள் பேசிக்கொண்டது: "சூடு." "ஆமா."

அக்டோபர் 19, ஞாயிறு

கடல். ஹயாசே ஒவ்வொரு மேசையாக வந்து கை தட்டச் சொன்னாள். தட்டினோம். வேறு என்ன செய்வது? அவள் போனதும் தத்சுமி கையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கெட்டிக்காரி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடி ஓடி உழைக்கிறாள். மதியம் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் தனியாக நின்று ஒரு ரொட்டியை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தாள். தொழில் செய்கிறவள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை, அது அவளுக்கும் தெரிகிறது.

அக்டோபர் 20, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

பகலில் இஷிகாகி தீவு. மாலை பெரிய கூடத்தில் விருந்து. பாதிப் பயணம் முடிந்ததற்கான கொண்டாட்டம். ஹயாசே இதற்காகவே இரண்டு நாள் திட்டம் போட்டிருக்கிறாள். விருந்து தொடங்கியதும் எல்லோரும் எழுந்து வட்டமாக நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு ஆட வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில் இதைச் செய்தால் ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுவார்களாம். அதற்கு ஒரு பழைய மெட்டு. வாத்தியக்காரர்கள் பிலிப்பைன்ஸ் ஆட்கள். புத்தாண்டு இரவில் வாசிக்கிற மெட்டு என்று நினைத்து அவர்களும் சந்தோஷமாக வாசித்தார்கள். மெதுவாக, மூன்று தாளத்தில்.

அது கடை மூடும் மெட்டு.

நம் ஊரில் எந்தக் கடையானாலும் சரி, நூலகமானாலும் சரி, சாத்துகிற நேரம் வந்தால் அந்த மெட்டுத்தான் ஒலிக்கும். 'நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்' என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கனடாவில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

முதல் வரி முடிவதற்குள் கூடம் முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஹயாசே மேடையில் பூரித்துப்போனாள். முதல் தடவையாக அவள் சொல்லாமலே எழுகிறார்களே! பெண்கள் கைப்பையை எடுத்தார்கள். ஆண்கள் சட்டைப் பொத்தானைப் போட்டார்கள். பக்கத்து மேசைக்காரர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, வரிசையாக வாசலை நோக்கி நடந்தார்கள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா? இன்னும் மீனே வரலையே," என்று தத்சுமியும் எழுந்தார்.

"எங்க போறீங்க? வாங்க! கை கோத்துக்குங்க!" என்று ஹயாசே கூப்பிட்டாள். அவள் கை நீட்டக் கை நீட்ட, வழியனுப்புகிறாள் என்று நினைத்து அவளுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் எங்கே இருந்தேன்? வாசலில். எப்போது எழுந்தேன், எப்போது நடந்தேன் — தெரியாது. அந்த மெட்டுக் கேட்டால் என் கால் வாசலுக்குப் போய்விடும், அவ்வளவுதான். குதிகாலைச் சேர்த்து, கையை முன்னால் கட்டி, ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து, "மிக்க நன்றி. மறுபடியும் வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சந்தேகத்தோடு தயங்கியவர்கள்கூட என்னைப் பார்த்ததும் தெளிவாகி வெளியே போனார்கள். கூடத்தைக் காலி செய்ததில் பாதிப் பங்கு எனக்குத்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்தது மிசாவோ ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். எழுந்து நேராக மேடைக்குப் போய் மைக்குக்காகக் கையை நீட்டினாள்.

"வருகை தந்திருக்கும் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. தாங்கள் செவிமடுத்துக்கொண்டிருக்கும் இசை, தவறுதலாக ஒலிபரப்பப்பட்டது. எங்கள் கடை இன்று மூடப்படாது. கீழ்த்தளத்தில் மீன், சூடாகக் காத்திருக்கிறது. வெளியே சென்றவர்கள், கடலில் விழுந்துவிடாமல், தயவுகூர்ந்து உள்ளே திரும்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது. கப்பல் ஏறியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தத்சுமிக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஒன்றைக் குறித்து வைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அசட்டுச் சிரிப்போடு மைக்கைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். ஹயாசே வாங்கவில்லை. மேடையின் ஓரத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். "மிசாவோ-சான், அடுத்து என்னன்னு நீங்களே சொல்லுங்க," என்றாள். மிசாவோ மாடி மாடியாக அறிவித்தாள்: முதல் தளத்தில் மது, இரண்டாம் தளத்தில் நடனம், மூன்றாம் தளத்தில் தத்சுமி-சானின் பற்கள் தள்ளுபடி விலையில்.

அந்தக் குரல். அதைக் கேட்டுத்தான் நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகு. இவ்வளவு காலம் அது எங்கே போயிருந்தது? எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

தைவான், கீலுங். மழை. காலை அறிவிப்பு மிசாவோவினுடையது. ஹயாசே கேட்டுக்கொண்டாளாம். குடை எடுத்துச் செல்லுங்கள், படிகள் வழுக்கும், மாலை ஐந்துக்குள் திரும்புங்கள். சாதாரண விஷயம்தான். ஆனால் தாழ்வாரத்தில் ஆட்கள் நின்று கேட்டார்கள். சிற்றுண்டியில் தத்சுமி, "இன்னிக்கு சோறு பிரமாதம்," என்றார். அதே அரிசி. சமையல்காரரிடம் விசாரித்தேன்.

ஹயாசே இப்போது கத்துவதில்லை. மேசை மேசையாக வந்து உட்காருகிறாள். கேட்கிறாள். பழைய தையல்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்து அவளிடம் நாடக உடைகளைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளாக அறையை விட்டு வராத கிழவி இன்று ஊசியும் கையுமாக மேல்தளத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறாள். தொப்பிப் போட்டியை யாரும் கேட்கவில்லை.

என்னிடமும் வந்தாள். "குசுனோகி-சான், சாயங்காலம் கூடத்து வாசல்ல நீங்க நிக்கணும். போறவங்களுக்கு இல்ல. வர்றவங்களுக்கு."

"நான் காசு கொடுத்து வந்தவன்," என்றேன்.

"தெரியும். அதான் கேக்கறேன்."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

ஹயாசே மேல்தளத்தில் என்னைப் பிடித்தாள். குளிர்காலம் முழுக்க இந்தக் கப்பலில் அறிவிப்பு செய்ய மிசாவோவைக் கேட்டிருக்கிறாளாம். சம்பளத்தோடு, தனி அறையோடு.

"என்கிட்ட அனுமதி கேக்கறியா?"

"இல்ல. அவங்க கிட்ட கேட்டாச்சு. உங்களுக்குத் தகவல் சொல்றேன். வேற யார் வாயிலேருந்தாவது கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தோணிச்சு."

என்ன திமிர்! பயணிகளைச் சந்தோஷப்படுத்த வந்தவளாம். நானும் பயணிதானே? எனக்குச் செய்யற சந்தோஷம் இதுதானா? ஒனோமிச்சின்னா ரயில்ல போயிட்டு வரலாம். கடல்ல போனா? எந்த ஸ்டேஷன்ல இறங்கறது? போகட்டும். யார் வேண்டாம்னா. யாரும் என்னைக் கேக்கல — நானும் யாரையும் கேக்கல.

அறைக்கு வந்தால் மிசாவோ கண்ணாடி முன்னால் நாளைய அறிவிப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பளபளப்பு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஏன்? அவள் சந்தோஷமாக இருப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

அக்டோபர் 23, வியாழன்

நாஹா. நான் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு சரியாகவே இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

கடைசி மாலை. கோட்டுப் போட்டுக்கொண்டு போய்க் கூடத்து வாசலில் நின்றேன். ஹயாசேவிடம் சொல்லவில்லை. அவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், அந்த அளவுக்கு விவரம் உண்டு.

வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து "வாருங்கள், வாருங்கள்" என்றேன். குழந்தைகள் எனக்குப் பதிலுக்குக் குனிந்தன. தத்சுமி இரண்டு தடவை வெளியே போய் இரண்டு தடவை உள்ளே வந்தார், வரவேற்பு பிடித்திருக்கிறதாம். வேலையில் இருந்த காலத்தில் இதில் ஒரு சுகம் இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை. இன்று இருந்தது. அதை மறைப்பானேன்.

கடைசியில் மிசாவோ வந்தாள். நீலக் கிமோனோ. நான் குனிந்தேன். "வாருங்கள்," என்றேன்.

அவள் உள்ளே போகாமல் நின்றாள். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வாசல்ல நின்னு வணக்கம் வெச்சீங்க. வீட்டுக்குள்ள வர்றப்ப 'வந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப எனக்கு 'வாருங்கள்'னு சொல்றீங்க, அதுவும் கப்பல்ல."

"இது என் வேலை இல்ல," என்றேன். "சும்மாதான் நிக்கறேன்."

சொல்ல நினைத்தது அது இல்லை. ஆனால் அவள் சிரித்துவிட்டாள்.

அக்டோபர் 25, சனி

கோபே. பெட்டிக்காகக் காத்திருக்கும்போது சொன்னாள்: "நான் கப்பல் வேலைக்குப் போறேன்."

"சரி," என்றேன்.

"உங்க மேல கோவத்துல இல்ல."

"தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளோ? பெட்டி வந்துவிட்டது.

நவம்பர் 21, வெள்ளி

போய்விட்டாள். வீடு எப்போதும் அமைதியான வீடுதான். இது வேறு அமைதி.

டிசம்பர் 14, ஞாயிறு

துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்றாவது என்று பதில் வந்தது. கூடவே ஓகசவரா தீவுப் பக்கம் திமிங்கிலம் பார்த்ததாக நீளமாக எழுதியிருந்தாள். பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடியதில் கப்பல் சாயும் என்று ஹயாசே பயந்தாளாம். இரண்டு முறை படித்தேன். 'எவ்வளவு பெரியது?' என்று கேட்டு அனுப்பினேன்.

அது அவளை மேலும் எழுத வைக்க நான் கேட்ட கேள்விதான். எனக்குத் திமிங்கிலத்தில் அக்கறை கிடையாது.

ஜனவரி 9, வெள்ளி

தத்சுமி தொலைபேசினார். மறுபடி அந்தக் கப்பலில் போய் வந்தாராம். ஓந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தப் பொண்ணு ஹயாசே இருக்காளே, நான் தனியா வந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு என்னை மூணு வாயாடிக் கிழவிங்க நடுவுல உக்கார வெச்சுட்டா. பேசவே விடல. எட்டு நாளும் சிரிச்சு சிரிச்சு தாடை வலி. பல் டாக்டருக்கே!" என்றார். உங்கள் மனைவி நன்றாக இருக்கிறார் என்றும் சொன்னார். அதை அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஷிரானாமி மாரு காலையில் கோபேக்கு வந்து மாலையில் மறுபடி கிளம்பியது. வேலை செய்பவர்களின் குடும்பத்தார் நடுவில் உள்ளே போகலாம். ஏணியடியில் நின்ற ஆள், "யாரைப் பாக்கணும்?" என்றான்.

"அறிவிப்பு செய்யற குசுனோகி மிசாவோ."

"ஓ, மிசாவோ-சானா! நீங்க?"

"வீட்டுக்காரர்," என்றேன். அந்தக் கப்பலில் எனக்கு வேறு அடையாளம் இல்லை.

மேல்தளத்தில் உட்கார்ந்தோம். அவள் பேசினாள். ஒரு பயணி செயற்கைப் பல்லைக் கடலில் விட்டது, ஹயாசேவுக்குக் காய்ச்சல் வந்தபோது இவளே விருந்தை நடத்தியது, எந்தப் பயணி எப்போது அழுவார் என்று ஹயாசேவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவது. நான் இடையிடையே, "அப்புறம்?" என்றேன். அப்படிக் கேட்டால் ஆட்கள் மேலே சொல்கிறார்கள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி ஹயாசே கேக்கறா. சரின்னுட்டேன்."

"ஒனோமிச்சி?"

"அக்கா மாடியில அவ பேத்தி வந்துட்டா. கப்பல் இல்லாத நாள்ல எங்க தங்கறதுன்னு பாக்கணும்."

ரயிலில் வரும்போது தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "வீட்டுக்கு வாயேன். சமையல் நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? என்ன தெரியும் உங்களுக்கு?"

"கறிக்குழம்பு. அது ஒண்ணு வருது."

"வெங்காயத்தைக் கருக்காம வதக்கத் தெரியுமா?"

"இன்னும் தெரியல."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "இருபத்தெட்டாம் தேதி இறங்கறேன். ஒரு தடவை வந்து பாக்கறேன். பிடிக்கலைன்னா கிளம்பிடுவேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவளுக்கு வேலை நேரம்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. வழியனுப்ப வந்திருக்கும் மதிப்பிற்குரியவர்கள் தயவுகூர்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி, கரைக்குத் திரும்புமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டது. மற்றவர்கள் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் முதல் ஆளாக எழுந்து, சொன்னபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வரும் வழியில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினேன்.